மூச்சின் விலை

மன்னாரிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் கரையோர வழியில், வங்காலையையும் அருவியாற்றையும் கடந்து அரிப்புக்கு வந்துசேரும் ஒருவர், கடலலை சிறிது சிறிதாக அறுத்துத் தின்றுகொண்டிருக்கும் மண்மேடு ஒன்றின் விளிம்பிலே, கூரையும் மாடித்தளமும் இழந்து, சில சுவர்களையும் தூண்களின் மிச்சத்தையும் மட்டுமே தாங்கி நிற்கும் ஒரு கட்டடத்தைக் காண்பார். ஊரார் அதை அல்லிராணிக் கோட்டை என்பார்கள். முத்துக்கடலை ஆண்ட அரசியொருத்தியின் கதை அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கிறது. சரித்திரம் வேறொரு பெயரைச் சொல்கிறது. இலங்கையின் முதலாவது பிரித்தானியத் தேசாதிபதியாக 1798 முதல் 1805 வரை இருந்த பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்புக் காலத்தில் வந்து தங்கி அதனை மேற்பார்வை செய்வதற்காகக் கட்டுவித்த மாளிகை அது. கிரேக்கக் கோயில்களின் தூணமைப்பு முறைகளுள் பழையதும் எளியதுமான டோரிக் முறையைத் தழுவி எழுந்தமையால், 'டோரிக்' என்றே அக்கால ஆங்கிலேயர் அதை அழைத்தனர்.

இந்த நோர்த், இங்கு வருவதற்கு முன்பே, 1791ஆம் ஆண்டில், கோர்பு தீவிலே கிரேக்க வைதிகத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றவர். இங்கிருந்து போனபின், 1824ஆம் ஆண்டில், அதே கோர்புவில் கிரேக்க இளைஞருக்கென்று அயோனியக் கலாசாலையை நிறுவியவர். பிளேட்டோவின் பாஷையிலும் சுவிசேஷத்தின் பாஷையிலும் ஒருசேர மனத்தைப் பறிகொடுத்திருந்த ஒரு மனிதர், அவ்விரு காதல்களுக்கும் நடுவே, நம்முடைய கரையில் ஒரு கிரேக்க வீட்டைக் கட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதன் செங்கற் சுவர்கள், சிப்பியோடுகளைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பினால் பூசப்பட்டு, மெருகிட்ட சலவைக்கல்லைப் போலப் பளபளத்தன என்று, அதை அதன் இளமையிலே கண்ட ஜேம்ஸ் கோடினர் என்ற போதகர் 1807இல் வெளிவந்த தம் நூலில் எழுதிவைத்தார். ஏதென்ஸின் வடிவத்துக்கு மன்னார்க் கடல் தன் மேனியைப் பூசிக் கொடுத்தது. இன்று அந்தப் பூச்சுப் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. ஆயினும் சுவரின் அடியில் குனிந்து மண்ணைக் கையில் அள்ளினால், நகக்கண் அளவான சிப்பித் துண்டுகள் இன்னும் வெயிலில் மின்னுகின்றன.

அந்தத் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு மாலைப்பொழுதிலேதான், கிரேக்க தத்துவமும் ஆதிக் கிறிஸ்தவமும் சந்தித்த அந்தப் பெரிய கதையிலே, எங்கள் கடலுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நான் முதன்முதலாக உணர்ந்தேன்.

பிளேட்டோ தமது 'பைத்ரஸ்' சம்பாஷணையில் ஆன்மாவைப் பற்றிப் பேசும்போது, தேகத்தை நாம் சுமந்து திரியும் ஓடாகவும், ஆன்மாவை அதனுள் சிப்பி கட்டுண்டு கிடப்பதுபோலக் கட்டுண்டு கிடப்பதாகவும் ஓர் உவமையைச் சொல்கிறார். 'குடியரசு' என்ற நூலின் இறுதியிலே, கடலில் நெடுங்காலம் கிடந்து, அலையால் சிதைந்து, சிப்பியும் பாசியும் கல்லும் அப்பியதனால் தன் பழைய உருவம் அடையாளந் தெரியாமற்போன கிளாவுக்கஸ் என்னும் கடல்தேவனுக்கு ஆன்மாவை ஒப்பிடுகிறார். 'பிலேபஸ்' என்ற சம்பாஷணையிலோ, அறிவின் கலப்பில்லாத வெறும் இன்ப வாழ்வு ஓட்டுக்குள் வாழும் கடற்பிராணியின் வாழ்வுதான் என்று சோக்ரதீசின் வாய்மொழியாகத் தீர்ப்புக் கூறுகிறார். மூன்றிடத்தும் ஓடு ஒரு தளை. விலக்கப்படவேண்டிய ஒரு பாரம். நெல்லுக்கு உமியும் செம்புக்குக் களிம்பும் போல ஆன்மாவை அநாதியாகப் பற்றிய மலத்தைப் பேசுகின்ற சைவ சித்தாந்தத்தைக் கேட்டு வளர்ந்த நமக்கு, இந்த உவமைகள் அந்நியமாகத் தோன்றா.

ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சிப்பியை இத்தனை தடவை நினைத்த பிளேட்டோ, அதற்குள்ளே முத்து ஒன்று விளையக்கூடும் என்பதை ஓரிடத்திலும் நினைக்கவில்லை. நினையாததற்குக் காரணம் எளிது: கீழைக்கடலின் முத்து கிரேக்கரின் எழுத்துலகுக்கு வந்து சேர்ந்தது அலெக்சாந்தரின் படையெடுப்புக்குப் பிறகுதான். அரிஸ்டாட்டிலின் மாணவரான தியோபிராஸ்டஸ் கற்களைப் பற்றி எழுதிய சிறு நூலிலே, இந்தியாவில் ஒருவகைச் சிப்பியில் விளைவது என்று முத்தைக் குறிக்கிறார். பின்னர் கிரேக்கக் கப்பல்கள் பருவக்காற்றின் போக்கை அறிந்து நேராகவே வரத்தொடங்கின. கி.பி. முதலாம் நூற்றாண்டில் எழுந்த 'எரித்திரேயக் கடற்பயண நூல்' கொற்கையின் முத்துக்குளிப்பைச் சொல்கிறது. பிளினி முத்து விளையும் இடங்களுள் தப்ரபேனை, அதாவது இலங்கையை, முதன்மையாகப் பாராட்டுகிறார். தொலமி குறிக்கும் 'மொதூத்து' என்ற துறை நமது மாதோட்டமே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

ஆகவே, இயேசுநாதர் கலிலேயாவிலே, நல்ல முத்துக்களைத் தேடி அலைந்த வணிகன் ஒருவன் விலைமதிப்பற்ற முத்தொன்றைக் கண்டு, தனக்குண்டான யாவற்றையும் விற்று அதை வாங்கினான் என்ற உவமையைச் சொன்னபோது, கேட்டவர்களுக்கு முத்து என்பது தூர தேசத்துச் சரக்கு. கிழக்கே, வெகு தொலைவிலே, வெப்பமான கடலொன்றின் அடியிலிருந்து வருவது. மத்தேயு 13ஆம் அதிகாரத்தின் அந்தச் சில வரிகளுக்குள் கீழைக்கடல் முழுவதும் ஒடுங்கிக் கிடக்கிறது. அவ்வரிகளை அடுத்த சில தலைமுறைகளில் விரித்துரைத்தவர்கள் கிரேக்கம் கற்றவர்கள். அவர்களிற் பலர், நம் கடலின் முத்தும் மிளகும் வந்து இறங்கிய அலெக்சாந்திரியா நகரத்தவர்கள்.

அந்நகரிலிருந்த கிறிஸ்தவப் பாடசாலையின் தலைவராகப் பேர்பெற்ற பந்தேனுஸ் முன்னர் ஸ்தோயிக தத்துவத்திலே பயின்றவர். அவர் இந்தியாவுக்குப் போனார் என்றும், மத்தேயுவின் சுவிசேஷம் தமக்கு முன்பே அங்கே போயிருக்கக் கண்டார் என்றும் எயுசேபியு தமது திருச்சபைச் சரித்திரத்தில் எழுதுகிறார். அவருடைய மாணவர் கிளமெந்து, கிரேக்கருக்குத் தத்துவமும் யூதருக்கு வேதப்பிரமாணமும் ஒருபடித்தான ஆயத்தங்களே என்று துணிந்து கூறியவர். புத்தரின் நாமத்தைக் கிரேக்க எழுத்தில் குறித்த முதல் ஆசிரியர்களுள் ஒருவர். முத்தணிந்த சீமாட்டிகளைக் கடிந்துரைக்கும் இடத்தில், உண்மையான முத்து கிறிஸ்துவே என்று அவர் சொல்கிறார். இவர்களுக்குப் பின் வந்த ஒரிஜன், மத்தேயுவுக்கு உரையெழுதும்போது, கற்களின் இலக்கணம் சொல்லும் நூல்களைத் தேடிப் படித்து, முத்துக்களுள் இந்தியக் கடலின் முத்தே சிறந்ததென்றும், வானத்துப் பனித்துளியைச் சிப்பி வாய்திறந்து ஏற்பதனால் அது கருக்கொள்கிறதென்றும் விரிவாக எழுதினார். சுவாதி நட்சத்திரத்து மழைத்துளி சிப்பியின் வாயில் விழுந்து முத்தாகும் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டவர்கள் நாம். அலெக்சாந்திரியாவின் ஞானியும் நம் பாட்டியும் ஒரே நம்பிக்கையைப் பகிர்ந்துகொண்டிருந்திருக்கிறார்கள். சரக்கோடு கதையும் கப்பலேறியது போலும்.

ஒரிஜனின் வாழ்வே அந்த உவமையின் வியாக்கியானமாக அமைந்தது. இளமையில் அவர் தாம் அருமையாகச் சேர்த்திருந்த கிரேக்க இலக்கிய ஏடுகளையெல்லாம் ஒருவருக்கு விற்று, வாங்கியவர் நாளொன்றுக்குக் கொடுத்த நான்கு ஓபோல் காசிலே ஜீவனம் செய்தார் என்கிறார் எயுசேபியு. யாவற்றையும் விற்ற வணிகனாகவே அவரை நாம் காண்கிறோம். ஆயினும், பிற்காலத்தில் செசரேயாவில் அவரிடம் கற்ற கிரகோரி, தம் குருவிடமிருந்து விடைபெறும்போது ஆற்றிய உரையிலே, தெய்வத்தை மறுத்தவர்களின் நூல்களை விலக்கி, ஏனைய தத்துவ ஞானிகள் எல்லாரையும் பக்ஷபாதமின்றிப் படிக்கும்படி அவர் தங்களைப் பழக்கினார் என்று நன்றியோடு நினைவுகூருகிறார். ஏட்டை விற்றவர் ஏட்டிலிருந்ததை விற்கவில்லை. நல்ல முத்துக்களைத் தேடுவதற்கும் ஒரு காலமுண்டு, அவற்றுக்கெல்லாம் மேலான ஒரு முத்தைக் கண்டடைவதற்கும் ஒரு காலமுண்டு என்பது மத்தேயுவுக்கு ஒரிஜன் எழுதிய உரையின் சாரம். முந்திய தேட்டம் இல்லாதவனுக்குப் பிந்திய முத்தின் அருமை தெரியாது.

இதற்கு மறுகரையிலும் ஒருவர் நின்றார். ஏதென்ஸுக்கும் எருசலேமுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்தூலியன், பெண்களின் ஆபரணங்களைக் கண்டித்தபோது முத்தையும் விட்டுவைக்கவில்லை. அது சிப்பியின் உடம்பில் உண்டான ஒரு மரு, ஒரு குறை, அதைப் பெருமை என்று கொள்வானேன் என்று கேட்டார். பக்தியின் வேகத்திலே சொன்ன அந்தச் சொல், ஆயிரத்தெழுநூறு ஆண்டுகளுக்குப் பின் எங்கள் கடலிலேயே ஓரளவு மெய்யாயிற்று. 1902ஆம் ஆண்டில் மன்னார்க் கடலின் முத்துப்பார்களை ஆராய வந்த ஹேர்ட்மன் என்னும் பேராசிரியர், சிப்பியின் தசைக்குள் புகுந்த சிறு புழுக்களைச் சுற்றியே நல்ல முத்துக்கள் உருவாகின்றன என்று தம் அறிக்கையிலே வாதிட்டார். புழுவைப் பற்றிய அவருடைய முடிவைப் பிற்கால விஞ்ஞானம் முழுவதும் ஏற்கவில்லை. எனினும் முத்தின் பிறப்பு சிப்பியின் மென்தசைக்கு நேர்ந்த ஓர் ஊறிலிருந்து தொடங்குகிறது என்பதிலும், ஓட்டின் உட்புறத்தை மெழுகும் அதே பொருளைப் படலம் படலமாகப் பூசியே சிப்பி அதை வளர்க்கிறது என்பதிலும் ஐயமில்லை. பனித்துளி என்ற ஒரிஜனும், மரு என்ற தெர்த்தூலியனும், தத்தம் அளவில் ஒவ்வொரு பாதியைக் கண்டிருக்கிறார்கள். வந்தது ஊறு, விளைந்தது ஒளி. சிறையென்று பிளேட்டோ நினைத்த ஓட்டின் பொருளே அந்த ஒளியின் பொருளுமாயிற்று. ஆதிக் கிறிஸ்தவர் கிரேக்கரிடமிருந்து எவ்வளவோ கற்றார்கள். தேகத்தைப் பற்றிய இந்த ஒரு நம்பிக்கையை மாத்திரம், தேகம் உதறிவிடப்படுவதற்குரியதன்று, அதுவும் உயிர்த்தெழுதற்குரியது என்ற நம்பிக்கையை மாத்திரம், அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

இத்தனை பேரும் முத்தைக் கண்டார்கள், வணிகனைக் கண்டார்கள், சிப்பியைக் கண்டார்கள். கடலுக்குள் இறங்கியவனைக் கண்டவர் யார்?

முத்துக்குளிப்பைச் சலாபம் என்பது எங்கள் பக்கத்து வழக்கு. சலாபம் நடந்த காலங்களிலே, மாசி பங்குனியில், கடல் தணிந்து நீர் தெளிந்திருக்கும் நாட்களிலே, சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் ஓலைக்குடில்களாலான ஒரு நகரமே முளைக்கும். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் வந்த குளிகாரர், நள்ளிரவில் தரைக்காற்றோடு தோணியெடுத்து, விடியும்போது பாரின்மேல் நங்கூரமிடுவார்கள். கயிற்றில் கட்டிய கல்லின்மேல் ஒருவன் பாதத்தை ஊன்றுவான். கழுத்திலிருந்து ஒரு வலைப்பை தொங்கும். நெஞ்சு விரிய ஒரு முறை மூச்சை இழுத்து, விரலால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தலையசைப்பான். கயிறு ஓடும். ஐந்து முதல் ஒன்பது பாகம் வரையான ஆழத்தில், ஒரு நிமிடத்தை ஒட்டிய நேரத்துக்குள்ளே, கைக்கு அகப்பட்ட சிப்பியையெல்லாம் பையில் வாரிப்போட்டுக் கயிற்றைச் சுண்டுவான். தோணியில் நிற்பவன் இழுத்துவிடுவான். சில சமயம் காதிலும் மூக்கிலும் இரத்தம் கசியும். கரைக்கு வந்தபின் சிப்பியை மூன்று குவியலாகப் பிரித்து, இரண்டை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, ஒன்றைக் குளித்தவருக்கு விடும். பிறகு அச்சிப்பிகள் கொட்டு என்னும் வேலிகட்டிய அடைப்புக்குள் கிடந்து நாட்கணக்காக அழுகும், ஈ மொய்க்கும், ஊர் முழுவதும் நாறும். அந்த நாற்றத்தைக் கழுவி, எஞ்சிய சேற்றைக் கையால் துழாவித்தான் முத்தை எடுக்கவேண்டும். அரசியரின் கழுத்தில் கிடந்த ஒவ்வொரு முத்துக்கும் பின்னால் இந்த மூச்சும் இந்த நாற்றமும் இருந்தன.

'எரித்திரேயக் கடற்பயண நூல்' இந்த மனிதரை ஒரு வரியிலே குறிப்பிடுகிறது: கொற்கையில் முத்துக்குளிப்பவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று. வணிகரின் கைந்நூல் அதற்குமேல் சொல்லவேண்டிய அவசியமில்லை. தத்துவ ஞானிகள் அதையும் சொல்லவில்லை. சொன்னவர் ஒருவர் இருந்தார், அவர் கிரேக்கரல்லர். நிசிபிஸ் நகரில் பிறந்து, 363இல் அந்நகரம் பாரசீகர் கைக்கு மாறியபின் எதெஸ்ஸாவுக்குக் குடிபெயர்ந்து, 373இல் மரித்த எபிரேம் என்னும் தியாக்கோனாகிய கவிஞர், சிரியாக் மொழியில் முத்தைப் பற்றிச் சில கீர்த்தனைகளைப் பாடினார். ஒருநாள் முத்தொன்றைக் கையிலெடுத்துப் பார்த்ததாகவும், அதில் எந்தப் பக்கத்தை நோக்கினாலும் முகமாகவே இருக்கக் கண்டதாகவும் தொடங்குகிற அப்பாடல்கள் போகப் போக, முத்தை விட்டு, முத்தெடுத்தவனிடம் வந்துசேருகின்றன. உடையைக் களைந்து, மேனியில் எண்ணெய் பூசி, ஆழத்தில் இறங்குகிற அந்த மனிதனிலே அவர் ஞானஸ்நானம் பெறுபவனின் சாயலைக் காண்கிறார். முத்தை உலகுக்கு முதலில் தந்தவர்கள் அரசரல்லர், அம்மணமாக மூழ்கிய ஏழைகளே என்றும், கலிலேயாவின் மீனவரான அப்போஸ்தலருக்கு அவர்களே அடையாளம் என்றும் பாடுகிறார். இதை வாசித்தபோது என் கண் கலங்கியது. எங்கள் கடலின் அடியில் மூச்சை அடக்கிக் கிடந்த, சரித்திரத்தில் பேரில்லாத ஒருவனை, ஆயிரத்தறுநூறு ஆண்டுகளுக்கு முன் பாலைநிலத்து நகரமொன்றில் இருந்துகொண்டு ஒரு கவி வணங்கியிருக்கிறார்.

அவருடைய பாடல்களைத் தன் வழிபாட்டிலே போற்றிய சிரியாக் மரபைச் சேர்ந்த பாரசீகத் திருச்சபைதான் இலங்கைக்கு முதலில் வந்த திருச்சபையுமாகும். அலெக்சாந்திரியாவின் வணிகராயிருந்து துறவியான கொஸ்மாஸ், 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதிய நூலிலே, இத்தீவில் குடியேறிய பாரசீகக் கிறிஸ்தவருக்கு ஒரு கோயில் உண்டென்றும், பாரசீகத்தில் பட்டம்பெற்ற குருவும் ஒரு தியாக்கோனும் இருந்தனர் என்றும், நாட்டு மக்களும் அரசரும் வேறு சமயத்தவர் என்றும் குறிக்கிறார். 1912இல் அனுராதபுரத்து அகழ்வில் கிடைத்த கல்லிற் செதுக்கிய சிலுவையை அவர்களுடைய சின்னமாகவே அறிஞர் பலர் கொள்கின்றனர். அனுராதபுரத்துக்குக் கடல்வாசலாக இருந்தது மாதோட்டம். சம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடிய திருக்கேதீச்சரமும் பாலாவியும் அமைந்த அந்த மண்ணை 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் அகழ்ந்தபோது, பாரசீகத்துப் பளபளப்பு மட்பாண்டங்களின் உடைசல்கள் கிடைத்தன. யுத்தம் அவ்வேலையை இடையில் நிறுத்திற்று. அதே மாந்தையிலிருந்துதான், ஒல்லாந்தரின் துன்புறுத்தலுக்கு அஞ்சி, 1670இல் மாதாவின் சுரூபத்தைக் காட்டுக்குள் மடுவுக்குக் கொண்டுபோனார்கள் என்பது மரபு. ஒரு துறைமுகத்தின் புழுதி எத்தனை பிரார்த்தனைகளைத் தாங்கக்கூடும் என்பதற்கு மாதோட்டத்தைக் காட்டிலும் நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

அந்தக் கொஸ்மாஸே இன்னொன்றையும் எழுதினார்: பூமி உருண்டை என்ற கிரேக்கக் கொள்கை பொய், மோசேயின் ஆசரிப்புக் கூடாரத்தைப் போல உலகம் ஒரு பேழை என்று. அதே நகரில், அதே காலத்தில், அரிஸ்டாட்டிலுக்கு உரைவகுத்த கிறிஸ்தவராகிய யோவான் பிலோபோனுஸ், ஆதியாகமத்தைப் போற்றிக்கொண்டே உருண்டையான உலகத்தை நிலைநாட்டினார். கடலையே பாதையாகக் கொண்ட வணிகர் அதன் வளைவை மறுக்க, ஏடுகளோடு வாழ்ந்தவர் அதை உணர்ந்தார். விசுவாசம் அறிவுக்கு அஞ்சவேண்டியதில்லை என்ற பிலோபோனுஸின் தைரியமும், தூரத் தீவொன்றின் கோயிலையும் குருவையும் மறவாமல் பதிந்த கொஸ்மாஸின் அன்பும், இரண்டும் நமக்கு வேண்டியவை.

முத்துக்குளிப்புக்கு வந்தோர் கடலில் இறங்குமுன், சுறாவின் வாயைக் கட்டுவதற்கு மந்திரம் அறிந்த ஒருவர் இருக்கவேண்டியிருந்தது. கடல்கட்டி என்று அவருக்குப் பெயர். அவ்வகை மந்திரவாதிகள் விளைவில் இருபதில் ஒரு பங்கு பெற்றதை 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலே மார்க்கோ போலோ கேட்டறிந்தார். 1859இல் இலங்கையைப் பற்றி நூலெழுதிய எமர்சன் டென்னென்ட், தாம் அறிந்த கடல்கட்டி ஒரு கத்தோலிக்கர் என்று வியப்போடு சொல்கிறார். எனக்கு வியப்பில்லை. புதிய விசுவாசம் பழைய உலகத்துக்குள் எப்போதும் இப்படித்தான், ஒரு படலத்தின்மேல் இன்னொரு படலமாகத்தான் படிந்திருக்கிறது. அலெக்சாந்திரியாவிலும் அப்படி, அரிப்பிலும் அப்படி.

ஸ்தோயிகர் பிரபஞ்சத்தை ஊடுருவித் தாங்கும் தத்துவத்துக்கு இட்ட பெயர் 'நியூமா'. மூச்சு என்பது அதன் முதற்பொருள். அதே சொல்லையே சுவிசேஷ ஆசிரியர்கள் தெய்வத்தின் ஆவிக்கு வைத்தார்கள். தமிழிலே வேதத்தை மொழிபெயர்த்தவர்கள் தேர்ந்த 'ஆவி' என்ற சொல்லும் மூச்சைக் குறிக்கும், உயிரைக் குறிக்கும், அடுப்பில் வைத்த பானையின் வாயிலிருந்து எழுவதையும் குறிக்கும். ஏதென்ஸும் எருசலேமும் ஒரு சொல்லிலே கூடியதைப் போல, நம் பாஷையிலும் அவை கூடியிருக்கின்றன. அந்தச் சொல்லின் பாரத்தைக் குளிகாரனைப்போல அறிந்தவர் எவர்? அவனுக்கு ஆவி என்பது கைவசமுள்ள முதல்.

அன்று மாலை மேட்டிலிருந்து இறங்கி வரும்போது, வலைக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவரோடு பேச வாய்த்தது. இளமையில் சங்கு குளித்தவர். ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் ஐயா என்று கேட்டேன். அவர் நேரத்தைச் சொல்லவில்லை.

"மூச்சு முழுக்கக் கீழேயே செலவழிக்கப்படாது, தம்பி," என்றார். "மேலே வாறதுக்கும் கொஞ்சம் வைச்சிருக்க வேணும். நல்ல சங்கு கண்ணில படேக்கதான் அது மறந்துபோகும்."

குகையிலிருந்து வெளியேறி ஒளியைக் கண்டவன், கட்டுண்டிருக்கும் தன் தோழர்களிடம் திரும்பிவரவேண்டும் என்று பிளேட்டோ தமது குகை உவமையிலே விதித்தார். அவருடைய ஞானி ஒளியை நாடி மேலே ஏறினான். எங்கள் குளிகாரன் இருளுக்குள் கீழே இறங்கினான். திரும்பிவருவதற்கு மூச்சை மிச்சம்பிடிப்பது இருவருக்கும் கடன். யாவற்றையும் விற்ற வணிகனின் கதையை இப்போது படிக்கும்போதெல்லாம், அந்த முத்து அவன் கைக்கு வருமுன் யாரோ ஒருவன் தன் மூச்சில் ஒரு பங்கைக் கீழே விட்டு, மறுபங்கோடு தோணியின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, உப்புநீர் வழியும் முகத்தோடு வானத்தைப் பார்த்து வாய்திறந்த அந்தக் கணம் என் முன்னே வந்து நிற்கிறது.